ஊமத்தம்பூக் குழலும் காகிதக் கூம்பும்

1920களில் வானொலியின் குரல் பல வீடுகளில் ஊமத்தம்பூ வடிவக் குழல் வழியே ஒலித்தது. அக்கால வால்வுகள் ஈந்த மின்வலு அற்பம். அதனை வீணாக்காது காற்றிற் சேர்ப்பதில் குழலுக்கு நிகரில்லை. ஆயினும் தாழ்ந்த சுரங்களுக்கு ஆளுயர வாய் வேண்டும். மேசைக் குழலோ மூக்காற் பேசிற்று.

1925இல் அமெரிக்கப் பொறியியலாளர் ரைஸ், கெலொக் இருவரும் காகிதக் கூம்பை மின்சுருளால் நேரே அசைக்கும் ஒலிபெருக்கியை விளக்கினர். அது பெற்ற மின்வலுவில் நூற்றில் ஓரிரு பங்கே ஒலியாகும், எஞ்சியது வெப்பம். எனினும் அடக்கமான பெட்டி போதும். வால்வுகள் வலுப்பெறவே வீடுகள் கூம்பை ஏற்றன. குழல் படமாளிகைக்குப் போயிற்று.

பால் கிளிப்ஷ் இதற்கு உடன்படவில்லை. 1940களில் அவர் குழலை மடித்துப் பெட்டியிலடக்கி, அறையின் மூலையில் நிறுத்தினார். சுவர்களே குழல்வாயின் நீட்சியாயின. மிகச் சிறிய வலுவிலேயே சங்கீதம் அறையை நிறைத்தது. ஆனால், ஒழிந்த மூலை எத்தனை வீடுகளில் உண்டு?