21-ஆவது கோட்டில் ஒளிந்திருந்த எழுத்துகள்

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். காமெடி சீன் வருகிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். காது சரியாகக் கேட்காத தாத்தா மட்டும் பேரனின் தோளைத் தட்டி, "என்னடா சொன்னான்?" என்று கேட்கிறார். "இருங்க தாத்தா, அப்புறம் சொல்றேன்" என்கிறான் அவன். அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதே இல்லை!

இந்த ஒரு வார்த்தையை எதிர்த்து அமெரிக்காவில் காது கேளாதோர் அறுபது வருடங்களுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. அந்தக் கதைதான் இது.

ஊமைப்படக் காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. வசனத்தை அட்டையில் எழுதிக் காட்டினார்கள். காது கேட்பவரும் கேளாதவரும் ஒரே தியேட்டரில், ஒரே நேரத்தில் ரசித்தார்கள். 1927-இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது. சில வருடங்களில் எல்லாமே பேசும்படமாகி, அட்டைகள் காணாமல் போயின. உலகத்துக்கே லாபமான ஒரு கண்டுபிடிப்பு, காது கேளாதவர்களுக்கு மட்டும் நஷ்டமாக முடிந்தது.

முதலில் ஏதாவது செய்ய நினைத்தவர், கியூபாவில் பிறந்த எமர்சன் ரொமேரோ. ஊமைப்படங்களில் நடித்தவர், காது கேளாதவர். 1947-இல் பழைய படச்சுருள்களை வெட்டி, நடுவில் வசன அட்டைகளை ஒட்டித் திரையிட வழி செய்தார். படம் துண்டு துண்டாகத்தான் ஓடியது. ஆனாலும் கதை புரிந்தது! 1958-இல் அமெரிக்க அரசே வசன எழுத்து சேர்த்த படங்களுக்குப் பணம் ஒதுக்கிச் சட்டம் போட்டது.

சரி, வீட்டில் இருக்கும் டிவிக்கு என்ன வழி?

1972-இல் பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.ஹெச். நிலையம், ஜூலியா சைல்டு நடத்திய 'தி ஃப்ரெஞ்ச் ஷெஃப்' என்ற சமையல் நிகழ்ச்சியை எழுத்துகளுடன் ஒளிபரப்பியது. 1973 டிசம்பரில் அதே நிலையம் ஏ.பி.சி. செய்திகளுக்கும் எழுத்து சேர்க்க ஆரம்பித்தது. மாலையில் வந்த செய்தியைப் பதிவு செய்து, அவசர அவசரமாக எழுத்து சேர்த்து, இரவு 11 மணிக்குப் போட்டார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இதுவும் ஒரு வகையில் "அப்புறம் சொல்றேன்" தானே!

இன்னொரு சிக்கலும் இருந்தது. இந்த எழுத்துகள் எல்லோருடைய திரையிலும் தெரிந்தன. மற்ற நேயர்களுக்கு எரிச்சலாக இருக்குமே என்று சேனல்கள் பயந்தன. வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி செய்ய முடியுமா?

முடிந்தது. அப்போது அமெரிக்க டிவி படம் 525 கோடுகளால் ஆனதாக இருந்தது. அதில் சில கோடுகள் திரையில் தெரியவே தெரியாமல் இருந்தன. அப்படிப்பட்ட 21-ஆவது கோட்டில் எழுத்துகளை ஒளித்து அனுப்பலாம் என்று 1976-இல் எஃப்.சி.சி. அனுமதி கொடுத்தது. 1979-இல் இதற்கென்றே தேசிய கேப்ஷனிங் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1980 மார்ச் 16 அன்று ஏ.பி.சி., என்.பி.சி., பி.பி.எஸ். சேனல்களில் இந்த எழுத்துகள் ஒளிபரப்பாயின. 1982 ஆஸ்கர் விழாவில், சுருக்கெழுத்து இயந்திரத்தில் தட்டத் தட்ட எழுத்துகள் நேரலையிலேயே வந்தன.

ஆனால் ஒளிந்திருக்கும் எழுத்தைப் பார்க்க அப்போது ஒரு தனிப்பெட்டி வேண்டியிருந்தது. சியர்ஸ் கடைகளில் விற்ற அந்த டீகோடரின் விலை சுமார் 250 டாலர். இங்கேதான் காமர்ஸ் பாடம் வருகிறது. நிகழ்ச்சிகள் குறைவு என்பதால் மக்கள் பெட்டி வாங்கவில்லை. பெட்டி விற்காததால் சேனல்கள் நிகழ்ச்சிகளுக்கு எழுத்து சேர்க்கத் தயங்கின. வயதாகிக் காது மந்தமானவர்களோ, "எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று ஒதுங்கிவிடுவார்கள். சந்தையே இந்த முடிச்சை அவிழ்க்கும் என்று காத்திருந்து பத்து வருடம் போனது.

1990-இல் டிவி டீகோடர் சட்டம் வந்தது. 1993 ஜூலை முதல் அமெரிக்காவில் விற்பதற்காகத் தயாராகும் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு டிவியிலும் டீகோடர் உள்ளேயே இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். எல்லா டிவியிலும் போடுவதென்றால் அது வெறும் ஒரு சில்லு, ஆகும் செலவு சில டாலர்தான். காது கேளாதவர் ஒருவர் 250 டாலர் சுமப்பதற்குப் பதில், டிவி வாங்கும் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் சுமந்தார்கள். அடுத்த கட்டமாக, 2006-க்குள் புதிய ஆங்கில நிகழ்ச்சிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் எழுத்து இருக்க வேண்டும் என்றும் விதி வந்தது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சத்தமான ஹோட்டல்களிலும், விமான நிலையங்களிலும், உடற்பயிற்சிக் கூடங்களிலும் அந்த எழுத்துகளைப் படித்தவர்களில் பெரும்பாலானோர் காது நன்றாகக் கேட்பவர்கள். ஆங்கிலம் கற்க வந்தவர்களுக்கும் அதுவே வாத்தியார் ஆனது. ஒரு சிலருக்காகச் செய்த செலவு என்று யாரும் இன்று அதைச் சொல்வதில்லை.

அடுத்த முறை வீட்டில் யாராவது "என்ன சொன்னான்?" என்று கேட்டால், ரிமோட்டை எடுத்து சப்டைட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போட்டுவிடுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சிரிக்கலாம்.