வலக்காலில் ஒற்றைச் சிலம்பு: கொல்கத்தாப் பள்ளிகளும் விளையாட்டின் உடலறிவும்

வடகொல்கத்தாவின் பழைய வீடுகளுக்கு முன்னால், தெருவை ஒட்டி, உயரமான மேடை ஒன்று இருக்கும். வங்காளிகள் அதை 'ரோயாக்' என்பர். பேச்சு வழக்கில் அது 'ரக்' என்று குறுகும். தமிழ்நாட்டுத் திண்ணைக்கு நெருங்கிய உறவு. மாலையில் பெரியவர்கள் அரட்டைக்கு அமரும் அந்த மேடை, குழந்தைகளுக்கு ஆற்றங்கரை. கீழே உள்ள சந்து ஆறு. ஆற்றில் ஒரு முதலை. கரையில் நிற்பவரை முதலை தொட முடியாது; இறங்கி ஓடுபவரைத் தொட்டுவிட்டால், தொடப்பட்டவரே அடுத்த முதலை. 'குமிர்-டாங்கா' என்று வங்காளத்தில் வழங்கும் இவ்விளையாட்டின் பெயருக்கு 'முதலையும் கரையும்' என்று பொருள். சிறு வேறுபாடுகளோடு இதையே தமிழ்க் குழந்தைகள் 'கல்லா மண்ணா' என்று ஆடுகின்றனர்.

இதை ஆடும் ஏழு வயதுக் குழந்தை ஒரே கணத்தில் பல கணக்குகளைப் போடுகிறது. எதிர்க்கரை எத்தனை எட்டுத் தொலைவு? முதலை எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது? தன் கால் அந்த உயரத்துக்கு எட்டுமா? கூட ஓடும் தோழி வழியை மறிப்பாளா? உடற்கல்விப் பாடத்திட்டங்கள் இக்கணக்குகளை இரண்டு தலைப்புகளில் அடக்குகின்றன. தன் உறுப்புகள் எவை, அவை என்ன செய்யவல்லன என்று அறிவது உடலுணர்வு. அவ்வுடல் எங்கே, எத்திசையில், எந்த உயரத்தில், எந்தப் பாதையில் இயங்குகிறது என்று அறிவது இடவுணர்வு. இவ்வகைப்பாட்டின் வேர் ருடால்ஃப் லாபனின் அசைவுக் கோட்பாட்டில் உள்ளது. ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த லாபன், கல்விசார் நடனம் பற்றிய தம் நூலை 1948இல் வெளியிட்டார். 1952, 1953 ஆண்டுகளில் இங்கிலாந்துக் கல்வி அமைச்சகம் தொடக்கப் பள்ளிகளுக்கென வெளியிட்ட இரு கையேடுகள், கட்டளைக்கேற்ற உடற்பயிற்சியிலிருந்து குழந்தை தானே கண்டறியும் அசைவை நோக்கிப் பள்ளிகளைத் திருப்பின. உடற்கல்வியின் வரலாறு பெரும்பாலும் இந்தப் புள்ளியிலிருந்தே சொல்லப்படுகிறது.

ஆனால் பள்ளிக் குழந்தையின் உடலை அணிவகுப்பிலிருந்து விளையாட்டுக்கும் ஆட்டத்துக்கும் மீட்கும் முயற்சி ஒன்று வங்காளத்தில் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. அதில் பெற்றது எது, இழந்தது எது என்ற கேள்வி இன்னும் முடிவடையவில்லை.

அம்முயற்சியைப் புரிந்துகொள்ள, வங்காளத்தில் உடல் என்பது எத்தகைய சுமையாக இருந்தது என்பதை முதலில் காண வேண்டும். வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றி 1841இல் எழுதிய கட்டுரையில் மெக்காலே, வங்காளியின் உடலையே வலுவற்றதென்று பழித்தார். ஓர் ஆட்சியாளரின் இந்த இழிமொழி, படித்த வங்காளிகளின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. 1867இல் தொடங்கிய ஹிந்து மேளாவில் நவகோபால் மித்ரா உடற்பயிற்சிக் காட்சிகளுக்கு இடமளித்தார். 1902இல் கொல்கத்தாவில் உருவான அனுசீலன் சமிதியின் இளைஞர்கள் சிலம்பமும் மற்போரும் பயின்றனர். 1908இல் ஒய்.எம்.சி.ஏ. வழியாகக் கொல்கத்தா வந்த அமெரிக்கர் ஜே.எச். கிரே மேலைநாட்டு விளையாட்டுகளைப் பரப்பினார். அதே அமைப்பின் சார்பில் எச்.சி. பக் 1920இல் சென்னையில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். நோக்கங்கள் வேறுவேறு, சில ஒன்றுக்கொன்று பகை. எனினும், இளைஞனின் உடலை வலிமைப்படுத்துவதே இவை எல்லாவற்றின் இலக்கு. ஏழு வயதுக் குழந்தையின் உடல் இவற்றுள் எதற்கும் முதன்மைப் பொருளாக இல்லை.

குழந்தைக்குக் கிடைத்தது 'டிரில்'. இந்தியப் பள்ளிகளின் டிரில், படைமுகாமிலிருந்து நேராக வந்தது. வரிசை, இடைவெளி, ஊதல், கட்டளை. அதிலும் ஓர் உடலறிவு உண்டு என்பதை மறுக்க இயலாது. கையை நீட்டி அடுத்தவரோடு இடைவெளி அளப்பதும், இடம் வலம் அறிந்து திரும்புவதும் இடவுணர்வுதான். ஆயின் அந்த இடத்தைக் குழந்தை தேர்வதில்லை. அது முன்னரே கோடிடப்பட்டிருக்கிறது. தவறாகத் திரும்பிய குழந்தை, தான் எங்கே நிற்கிறோம் என்பதை மற்றவர் சிரிப்பிலிருந்தே அறிகிறது. தமிழ்நாட்டில் உடற்கல்வி ஆசிரியரை ஒரு தலைமுறை முழுவதும் 'டிரில் மாஸ்டர்' என்றே அழைத்தது.

இங்கேதான் குருசதய் தத் வருகிறார். 1882இல் சில்ஹெட் பகுதியில் பிறந்து, 1905இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தவர். 1929இல் இங்கிலாந்து சென்றிருந்தபோது, லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நாட்டுப்புற நடன விழாவொன்றைக் கண்டார். செசில் ஷார்ப் போன்றோரின் முயற்சியால் 1909ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பள்ளி உடற்பயிற்சித் திட்டத்தில் நாட்டுப்புற நடனம் இடம்பெற்றிருந்தது. ஊர் திரும்பிய தத், மைமன்சிங்கில் ஜாரி ஆட்டத்தையும், மாவட்ட ஆட்சியராக இருந்த பீர்பூமில் 1930இல் ராய்பேஷே ஆட்டத்தையும் கண்டார்.

ராய்பேஷே போர்வீரரின் ஆட்டம். 'ராய்' என்பதற்கு அரசு, தலைமை என்று பொருள். 'பாஷ்' என்பது மூங்கில். ஆடுவோர் வில்லை வளைப்பதையும் ஈட்டி எறிவதையும் வாள் சுழற்றுவதையும் நடித்துக் காட்டுவர். முழவும் வெண்கலத் தாளமுமே துணை. வலக்காலில் மட்டும் ஒரு சிலம்பு. அந்த ஒற்றைச் சிலம்பைச் சற்று நின்று எண்ண வேண்டும். எது வலக்கால் என்று அங்கே எவரும் கட்டளையிடுவதில்லை. வலம் என்பது காதில் கேட்கும் பக்கம். இடம் என்பது ஓசையற்ற பக்கம். பக்கவுணர்வைக் கற்பிக்க இன்றைய ஆசிரியர்கள் குழந்தையின் ஒரு மணிக்கட்டில் வண்ண நாடா கட்டுவதுண்டு. பீர்பூமின் ஆட்டக்காரருடைய காலில் அது ஒலியாகவே இருந்தது.

1932இல் தத் 'விரதசாரி' இயக்கத்தைத் தொடங்கினார். அறிவு, உழைப்பு, வாய்மை, ஒற்றுமை, மகிழ்ச்சி ஆகிய ஐந்தும் அதன் விரதங்கள். அதே 1932இல்தான் கொல்கத்தாவில் ஜேம்ஸ் புகானனின் பொறுப்பில் அரசின் உடற்கல்விப் பயிற்சி நிலையமும் தொடங்கியது. ஒரே ஆண்டில், ஒரே மாகாணத்தில், குழந்தையின் உடலுக்கு இரண்டு வாயில்கள் திறந்தன.

விரதசாரிப் பயிற்சியின் வடிவத்தை உடற்கல்வியின் கண்கொண்டு பார்த்தால் அதன் புதுமை விளங்கும். ஜாரி ஆட்டத்தில் ஆடுவோர் வட்டமாக நிற்கின்றனர். வட்டத்தில் முதல்வரும் இல்லை, கடையரும் இல்லை. தன் இடத்தைக் குழந்தை தரையின் கோட்டைப் பார்த்து அறிவதில்லை. இருபுறமும் நிற்பவரையும் எதிரே தெரியும் முகத்தையும் கொண்டு அறிகிறது. வட்டம் சுருங்கினால் தன் எட்டும் சுருங்க வேண்டும். கோலாட்டத்துக்கு உறவான 'காட்டி' ஆட்டத்தில் தன் கையின் நீளத்தோடு கோலின் நீளத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இல்லையேல் அடுத்தவர் விரல் நசுங்கும். கேடயம் தாங்கி ஆடும் 'டாலி' ஆட்டத்தில் உடல் தாழ்கிறது, எழுகிறது, பாய்கிறது. மண்வெட்டி ஏந்திப் பாடும் பாட்டில் ஆட்டமும் வேலையும் ஒன்றாகின்றன. ஊர்க் குளங்களில் ஆகாயத்தாமரையை அகற்றுவதும் பயிற்சியின் ஒரு பகுதியே. உடல், இடம், விசை, உறவு என்று பின்னாளில் லாபன் மரபினர் பகுத்த நான்கும் இவற்றில் பகுக்கப்படாமல் கலந்திருந்தன. தத் லாபனைப் பின்பற்றவில்லை. லாபன் தத்தைப் பின்பற்றவுமில்லை. தொழிற்சாலையும் அணிவகுப்பும் மனித உடலை ஒரே அச்சில் வார்த்த காலத்தில், வெவ்வேறு நிலங்களில் எழுந்த இணையான விடைகள் அவை.

1940இல் கொல்கத்தாவின் தென்புறத்தில், ஜோகாவில், தத் நிலம் பெற்று 'விரதசாரி கிராமம்' அமைத்தார். 1941இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய காந்தா தையல்களும் மண்பொம்மைகளும் படச்சுருள்களும் 1963இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. அசைவுகளை அவ்வாறு பேழையில் வைக்க இயலாது. அவை பள்ளிகளுக்குள் சென்றன. மேற்கு வங்கப் பள்ளிகளின் உடற்கல்வியில் விரதசாரி இடம்பெற்றது.

பாடமானபோது அது என்ன ஆயிற்று என்பதே இவ்வரலாற்றின் கடினமான பகுதி. இயக்கத்தின் உள்ளேயே இரண்டு இழைகள் இருந்தன. ஒன்று ஆட்டத்தின் மகிழ்ச்சி, மற்றொன்று ஒழுங்கு. உறுதிமொழிகள், விலக்குகள், முழக்கங்கள், வணக்க முறைகள் ஆகியவற்றால் பின்னப்பட்ட கட்டுப்பாடு தொடக்கத்திலேயே இருந்தது. மதிப்பெண்ணும் தேர்வும் வந்தபோது பள்ளி தனக்குப் பழக்கமான இழையைப் பிடித்துக்கொண்டது. வட்டத்தின் நடுவே ஊதலோடு ஆசிரியர் நின்றால், வட்டமும் வளைந்ததொரு வரிசையே.

இன்னொரு இழப்பு சாதி சார்ந்தது. ராய்பேஷேயைக் காத்து வந்தவர்கள் பாக்தி போன்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். உயர்குடி வங்காளியின் உடல் வலுவற்றது என்று மெக்காலே எழுதிய காலத்திலும், அவர்களுடைய உடல் வில்லை வளைத்துக்கொண்டுதான் இருந்தது. அந்த அறிவு நகரத்துப் பள்ளிக்கு வந்தது. அதற்குரியவர்கள் ஆசிரியர்களாகப் பள்ளிக்குள் வந்தது அரிது. தத் அவர்களை மேடையேற்றினார், மதித்தார், ஆவணப்படுத்தினார். பள்ளிக்கூடமோ அசைவை மட்டும் எடுத்துக்கொண்டது.

இடவுணர்வு இயற்கையாக ஒரே வகையில் வளர்வதன்று என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் மதுரைப் பகுதியில் ஆய்வு செய்த எரிக் பீடர்சன் என்னும் மொழியியலாளர், தமிழ் பேசுவோரிடையே இருவகை இட வழக்குகளைப் பதிவு செய்தார். நகர்ப்புறத்தார் இடம், வலம் என்று சுட்டினர். சிற்றூர் மக்களோ கைக்கெட்டும் சிறு பொருளையும் வடக்கே, தெற்கே என்று சுட்டினர். வடக்கைச் சுட்டுவோருக்குத் தாம் எப்பக்கம் திரும்பினாலும் உலகம் அசையாது நிற்கிறது. வலத்தைச் சுட்டுவோருக்குத் தம்மோடு சேர்ந்து உலகமும் திரும்புகிறது. இரண்டும் முழுமையான அறிவுகள். ஆனால் டிரில் அறிந்தது ஒன்றை மட்டுமே. 'வலப்பக்கம் திரும்பு' என்றதும் தயங்கி நின்ற சிற்றூர்க் குழந்தைகளுள் எத்தனை பேருக்குத் திசை நன்றாகத் தெரிந்திருக்கும்! அவர்கள் 'மந்தம்' என்று பெயர் பெற்றது உடலின் குறையால் அன்று. பள்ளி பேசிய இடமொழி வேறு என்பதால்.

விளையாட்டுகளின் பெயர்களிலும் இத்தகைய அறிவு படிந்திருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு மற்றவரைப் பிடிக்கும் ஆட்டத்தை வங்காளிகள் 'கானாமாச்சி' என்பர். குருட்டு ஈ என்று பொருள். இத்தாலியரும் அதைக் குருட்டு ஈ என்றே அழைக்கின்றனர். பண்டைய கிரேக்கர் வெண்கல ஈ என்றனர். தமிழின் கண்ணாமூச்சிக்குக் 'கண்ணாம்பூச்சி' என்ற வழக்கும் உண்டு. ஒலியொப்புமை கண்டு உறவு கற்பிப்பது மொழியியலுக்கு உகந்ததன்று. எனினும் கண்கட்டிய குழந்தை கைகளை விரித்துத் தடுமாறும் காட்சி, பல நிலத்தாருக்கும் பூச்சியையே நினைவூட்டியிருக்கிறது. கண் மறைந்ததும் காதும் தோலும் இடத்தை அளக்கத் தொடங்குகின்றன. ஏக்கா-தொக்கா எனப்படும் நொண்டியாட்டத்திலோ, ஒற்றைக்காலில் நிற்கும்போதுதான் உடலின் நடுக்கோடு எங்கே ஓடுகிறது என்பது குழந்தைக்குத் தெரிகிறது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை விளையாட்டோடு இணைந்த கற்றலைப் பரிந்துரைக்கிறது. மரபு விளையாட்டுகள் மீண்டும் பாடத்திட்டத்துக்குள் வருகின்றன. விரதசாரியின் வரலாறு அங்கே ஓர் எச்சரிக்கையாக நிற்க வேண்டும். குமிர்-டாங்காவை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடிட்டு, குழுக்களாகப் பிரித்து, ஊதல் அடித்துத் தொடங்கலாம். குழந்தைகள் அப்போதும் ஓடுவார்கள். ஆனால் எந்த மேடை கரை, எந்தப் படி ஆறு என்று கூடிப் பேசி, சண்டையிட்டு, உடன்பட்டு வரைந்துகொள்ளும் அந்த முதல் ஐந்து நிமிடம் போய்விடும். இடத்தை அறிவதில் பெரும்பகுதி அங்கேதான் நிகழ்கிறது. அடுக்ககங்கள் எழ எழ வடகொல்கத்தாவில் ரோயாக்குகள் குறைந்துகொண்டே வருகின்றன. கரை எது என்று குழந்தைகள் தாமே முடிவுசெய்யும் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பள்ளியின் கால அட்டவணையில் இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை.