கணியம்பாடிப் பதிவேடு: வேலூர் வட்டாரத்தில் மருத்துவரும் மின்னணு ஆவணமும்

இந்தியாவில் மின்னணு மருத்துவ ஆவணத்தின் வரலாற்றை நடுவண் அரசு 2013இல் வெளியிட்ட தரநிலைகளிலிருந்து தொடங்குவோர் உண்டு. அவ்வாறு தொடங்கினால், மருத்துவமனையை நாடிவரும் நோயாளியும் கணினிமுன் அமர்ந்த மருத்துவருமே வரலாற்றின் மாந்தராகின்றனர். நேரமின்மையால் மருத்துவர் பதியத் தயங்குகிறார் என்பதே அப்போது முதன்மைச் சிக்கலாகத் தோன்றும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலவாழ்வுத் துறை கணியம்பாடி ஒன்றியத்தில் நடத்திய பதிவுமுறை இதற்கு முந்தியது, அமைப்பிலும் வேறானது.

ஒரு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அவ்வொன்றியத்தில், கருவுறுதல், பிறப்பு, இறப்பு, திருமணம், தடுப்பூசி ஆகியவற்றை ஊர் நலப்பணியாளர் வாரந்தோறும் தெரிவித்தார். சுகாதார உதவியாளரும் செவிலியரும் அவற்றைச் சரிபார்த்தனர். மருத்துவர் நான்காம் படியிலேயே இருந்தார். இவ்வாறு திரண்ட செய்தியே கணினியில் ஏறியது.

இதன் பயன் எதிர்பாராத இடத்தில் வெளிப்பட்டது. 1994 முதல் 1999 வரையிலான இறப்புகளை வாய்மொழி விசாரணையால் ஆராய்ந்து 2003இல் வெளிவந்த ஆய்வு, அங்குத் தற்கொலை வீதம் ஆண்டுக்கு இலட்சத்திற்கு 95.2 எனக் கண்டது. அக்காலத்து அரசுக் கணக்கில் இந்தியச் சராசரி பத்தை ஒட்டியதே. 10 முதல் 19 வயதினரிடையே பெண்களின் வீதம் 148, ஆண்களின் வீதம் 58 என 2004இல் மற்றோர் ஆய்வு காட்டியது. காவல்துறைக்கு அஞ்சிக் குடும்பம் மறைக்கும் இறப்பை ஊர்ப் பணியாளர் அறிவார். இறந்த பெண்ணோ புறநோயாளிப் பிரிவுக்கு வருவதில்லை. மருத்துவர் எவ்வளவு கருத்தாகப் பதிந்திருந்தாலும் மருத்துவமனை ஆவணத்தில் இவ்வெண்கள் தோன்றியிரா.

தோல் பதனிடும் ஆலைகள் செறிந்த ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பில் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் எண், பாழ்பட்ட ஏறத்தாழ 35,000 எக்டேர் நிலத்தைக் குறித்தது, உடல்களைக் குறித்ததன்று. நோயாளி எண் ஒருவரின் பரிசோதனை முடிவுகளை ஒருங்கே சேர்க்கும். ஆனால் தொழில் என்னும் இடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதப்பட்டால், சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவரையும் கழனியில் நின்றவரையும் அந்த ஆவணத்தால் பிரித்தறிய இயலாது. அவர் எந்தக் கிணற்று நீரைக் குடித்தார் என்பதும் அதில் இராது.

2019இல் பழைய மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர, அங்கிருந்து வேலூருக்குச் சிகிச்சைக்கு வருபவர் இன்று அயல் மாவட்டத்தார். 2021இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட மின்னணு நலவாழ்வு இயக்கம் இத்தகையோரின் ஆவணங்களை 14 இலக்க எண்ணால் இணைக்க முற்படுகிறது. அவ்வெண்ணின் அலகு தனியாள். கணியம்பாடியில் அது ஊராக இருந்தது.