சாலைப் பந்தயத்தில் மவுண்டன் பைக் வீரர்கள்
பல நாள் சாலை சைக்கிள் பந்தயங்களின் முடிவைப் பெரும்பாலும் மலையேற்றங்களே தீர்மானிக்கின்றன. மவுண்டன் பைக் உலகக் கோப்பையை 1998, 1999-இல் வென்ற ஆஸ்திரேலியர் கேடல் எவன்ஸ், 2011 டூர் டி பிரான்ஸில் கலிபியே ஏற்றத்தில் ஆண்டி ஷ்லெக்கை விரட்டி இழப்பைக் குறைத்தார். கடைசிக்கு முந்தைய நாளின் தனிநபர் நேரப் போட்டியில் எஞ்சிய 57 விநாடிகளையும் ஈடுகட்டிப் பட்டம் வென்றார்.

டோக்கியோ ஒலிம்பிக் மவுண்டன் பைக் தங்கம் வென்ற பிரிட்டனின் டாம் பிட்காக், 2022-இல் ஆல்ப் துவெஸ் சுற்றைக் கைப்பற்றினார். 21 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அந்த ஏற்றம் 1,000 மீட்டருக்கும் அதிகம். கேம்பல் பே அமைந்துள்ள கிரேட் நிகோபாரின் மிக உயர்ந்த துல்லியர் சிகரமே 642 மீட்டர்தான். நிகோபார் தீவுகளின் டெபோரா ஹெரால்டும் ஈசோ அல்பனும் பெயர் பெற்றது சமதள டிராக் போட்டிகளில். அல்பன் 2018 ஜூனியர் உலகப் போட்டியின் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார்.