பந்தை விடாத நாய்கள்

நாய்க் காப்பகத்துக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வரிசையாகக் கூண்டுகள். சில நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் வருகின்றன. சில மூலையில் சுருண்டு கிடக்கின்றன. ஒன்று மட்டும் கம்பி மேல் ஏறிக் குதிக்கிறது, தொண்டை கிழியக் குரைக்கிறது, பக்கத்துக் கூண்டு நாயைப் பார்த்துச் சீறுகிறது. "ஐயோ, இது வேணாம்பா" என்று அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறோம். மிஞ்சினால் பத்து வினாடி. அடுத்த வாரம் வருகிறவர்களும் அதையேதான் செய்வார்கள். அதற்கும் அடுத்த வாரம் அந்த நாய் இன்னும் சத்தமாகக் குரைத்துக்கொண்டிருக்கும்.

இந்த நாயைப் பற்றி இன்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று 'ஹை எனர்ஜி'. எவ்வளவு ஓடினாலும் தீராத நாய், சும்மா உட்காரவே தெரியாத நாய். இன்னொன்று 'ரியாக்டிவ்'. இன்னொரு நாயையோ சைக்கிளையோ தொப்பி போட்ட மனிதரையோ கண்டால் அளவுக்கு மீறிக் கொந்தளிக்கும் நாய். அது கடிக்கிற நாயாக இருக்க வேண்டும் என்றில்லை. பல நேரம் பயம்தான் அப்படிச் சத்தம் போடுகிறது. சில நேரம் கிட்டே போக முடியாத எரிச்சல். இரண்டும் ஒரே நாயில் சேர்ந்துவிட்டால் அதற்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

அந்த நாயை என்ன செய்வது என்ற கேள்விக்கு வயது நூற்று அறுபதைத் தாண்டிவிட்டது.

1860இல் லண்டனின் ஹாலோவே பகுதியில் மேரி டீல்பி என்ற பெண்மணி, தொலைந்துபோன, பட்டினி கிடக்கிற நாய்களுக்கென ஒரு தற்காலிக இல்லம் தொடங்கினார். மனிதர்களுக்கே வீடில்லாத ஊரில் நாய்க்கு வீடா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. 1871இல் அந்த இல்லம் பேட்டர்சீக்கு இடம் மாறியது. இன்றும் அந்தப் பெயரில்தான் இயங்குகிறது. அதே காலத்து நியூயார்க்கில் தெருநாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து ஈஸ்ட் ஆற்றில் முக்கிக் கொன்றார்கள். ஃபிலடெல்ஃபியாவில் 1869இல் கரோலின் ஏர்ல் வைட்டும் அவருடைய தோழிகளும் விலங்கு நலச் சங்கத்தின் பெண்கள் பிரிவைத் தொடங்கி, தெருநாய் பிடிக்கும் வேலையை நகர நிர்வாகத்திடமிருந்து தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். நவீனக் காப்பகம் என்று நாம் சொல்வதன் தொடக்கம் இங்கேயெல்லாம்தான்.

ஆனால் 'தற்காலிகம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இடம் கொஞ்சம், வரும் நாய்கள் ஏராளம். உரிமையாளர் தேடி வர வேண்டும், அல்லது யாராவது வாங்கிப் போக வேண்டும். குறித்த நாட்களுக்குள் இரண்டும் நடக்கவில்லையென்றால் கொன்றுவிடுவார்கள். 1884இல் பேட்டர்சீயில் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் வடிவமைத்த நச்சுவாயு அறை நிறுவப்பட்டது. வலியில்லாமல் கொல்வதே அன்றைக்குப் பெரிய கருணை. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆற்றில் முக்குவதைவிட அது நிச்சயம் மேல். ஆனால் காப்பகம் என்ற அமைப்பு பிறக்கும்போதே ஒரு கடிகாரத்தோடு பிறந்தது. பத்து வினாடியில் மனதைக் கவர்கிற நாய் கடிகாரத்தை ஜெயிக்கும். மற்றது தோற்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓடப் பிறந்த நாயை ஆறடிக் கூண்டில் வைத்து, சுற்றிலும் இருபது நாய்களைக் குரைக்க விட்டால் அது என்ன ஆகும்? இருந்ததைவிட மோசமாகும். கம்பிக்குப் பின்னால் சீறுகிற பல நாய்கள் கம்பி இல்லாத இடத்தில் இன்னொரு நாயை மோந்து பார்த்துவிட்டு சாதாரணமாக நகர்ந்துவிடும். நாம் பார்ப்பது பாதி நாய், பாதி கூண்டு. தீர்ப்பு மட்டும் முழுக்க நாய்க்கு.

இந்தத் தீர்ப்பு இரண்டு இடங்களில் உடைந்தது. முதல் இடம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம்.

அங்கே சிறைத்துறைக்குப் போதைப்பொருள் மோப்ப நாய்களைப் பயிற்றுவித்து வந்தவர் பார்பரா டேவன்போர்ட். சாம்பியன் பரம்பரைக் குட்டிகளை விலைக்கு வாங்காமல், காப்பகங்களில் யாரும் எடுக்காத நாய்களில் இருந்து ஆள் எடுத்தார். அவர் தேடியது அழகையும் அல்ல, அடக்கத்தையும் அல்ல. ஒரு பந்தைத் தூக்கிப் போட்டால் உலகத்தையே மறந்துவிட்டு அதன் பின்னால் போகிறதா? பந்து புதருக்குள் போய்விட்டால், கிடைக்கும் வரை விடாமல் தேடுகிறதா? அந்தப் பந்து வெறிதான் மூலதனம். குறிப்பிட்ட வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும் என்று நாய் புரிந்துகொண்டால் போதும், அதற்கப்புறம் நாள் முழுக்கத் தேடும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் சாமுவேல் வாசருக்கு வேறொரு பிரச்சினை. காட்டு விலங்குகளின் உடல்நிலையை ஆராய வேண்டும், ஆனால் அவற்றைப் பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ கூடாது. வழி ஒன்றுதான்: சாணம். அதில் மரபணு இருக்கிறது, மன அழுத்தம், கர்ப்பம், பட்டினி ஆகியவற்றைச் சொல்லும் ஹார்மோன்கள் இருக்கின்றன. ஆனால் ஆயிரக்கணக்கான சதுரக் கிலோமீட்டர் காட்டில் கரடிச் சாணத்தை எங்கே போய்த் தேடுவது? டேவன்போர்ட்டின் முறையைக் கொஞ்சம் மாற்றி, 1997இல் சாணம் தேடும் நாய்ப்படை ஒன்றை வாசர் தொடங்கினார். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை பெரும்பாலும் வீட்டுக்கு லாயக்கில்லை என்று கைவிடப்பட்ட, அடங்காத நாய்கள்.

அவற்றில் ஒன்று டக்கர். லாப்ரடார் கலப்பு, கறுப்பு நிறம், சியாட்டில் தெருக்களில் திரிந்த நாய். அதன் வேலை கடலில். சான் ஹுவான் தீவுகளைச் சுற்றி வாழும் ஓர்கா திமிங்கிலங்களின் மலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மலம் கொஞ்ச நேரம்தான் மிதக்கும், பிறகு மூழ்கிவிடும். டக்கர் படகின் முனையில் நிற்கும். காற்றில் வாசனை வந்தால் அந்தப் பக்கம் சாயும், உடம்பு துடிக்கும். அது சாயும் பக்கம் படகைத் திருப்புவார்கள். வாசனை விட்டுப்போனால் தளர்ந்துவிடும், படகும் திரும்பும். கண்டுபிடித்துவிட்டால் பந்து. இதில் வேடிக்கை, டக்கருக்குத் தண்ணீரில் இறங்கவே பிடிக்காது.

இப்படிச் சேகரித்த மாதிரிகளை வைத்து 2017இல் வாசர் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. 2008 முதல் 2014 வரை அந்தத் திமிங்கிலங்களிடம் கண்டறியப்பட்ட கர்ப்பங்களில் 69 சதவீதம் வரை குட்டி பிழைக்காமல் போயிருந்தன. முக்கியக் காரணம், அவை நம்பியிருக்கும் சினூக் சால்மன் மீன்களின் பற்றாக்குறை. எண்பதுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்த ஒரு திமிங்கிலக் கூட்டம் பசியால் அழிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. அந்தச் சான்றைத் திரட்டியதில் ஒரு தெருநாயின் மூக்குக்கும் பங்கு உண்டு.

சரி, ஆனால் எல்லா நாயும் டக்கர் ஆக முடியாதே? முடியாது. பந்து வெறி இருந்தும் மானைக் கண்டால் துரத்துகிற நாய் அந்த வேலைக்கு ஆகாது. ஹை எனர்ஜி நாய்க்கு ஒரு பதில் கிடைத்தது. ரியாக்டிவ் நாய்க்கு? அதற்கான பதில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு நீதிமன்றத்தின் வழியாக வந்தது.

2007 ஏப்ரல் 25. போதைப்பொருள் விசாரணை ஒன்றுக்காக சர்ரி கவுண்டியில் ஒரு வீட்டைப் போலீஸ் சோதனையிட்டது. வீடு மைக்கேல் விக்குக்குச் சொந்தமானது. அமெரிக்கக் கால்பந்தின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். வீட்டின் பின்னால் பிட்புல் நாய்கள், சண்டைக்கான ஏற்பாடுகள். அன்று வரை இப்படிப் பிடிபடும் நாய்களின் கதி வழக்கமாக ஒன்றுதான். வழக்கில் அவை சாட்சிப் பொருள், வழக்கு முடிந்ததும் கொன்றுவிடுவார்கள். சண்டைக்கு வளர்த்த நாயைத் திருத்த முடியாது என்பது பொதுப்புத்தி. நாட்டின் மிகப் பெரிய விலங்கு நல அமைப்புகள்கூட, 'இவற்றைக் கொல்வதுதான் கருணை' என்ற பக்கமே நின்றன.

நாய்களைப் பறிமுதல் செய்வதற்காக அரசு தொடுத்த வழக்கின் பெயர், 'அமெரிக்க அரசு எதிர் ஏறத்தாழ 53 பிட்புல் நாய்கள்'. சட்டத்தின் கண்ணில் அவை ஒரு குவியல், எண்ணிக்கைகூடச் சரியாகத் தெரியாத குவியல். பிறகு நடந்ததுதான் புதிது. குவியலாகப் பார்க்காமல் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பரிசோதிக்க நிபுணர் குழு ஒன்று அனுப்பப்பட்டது. 49 நாய்கள். அந்நியர் கிட்டே வந்தால் என்ன செய்கிறது? சாப்பாட்டுத் தட்டின் பக்கம் கை போனால்? இன்னொரு நாயைக் கண்டால்? நாய்களின் சார்பில் யோசிக்க ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரை நீதிமன்றம் நியமித்தது.

முடிவு யாரும் எதிர்பாராதது. மூர்க்கத்துக்காகக் கொல்லப்பட்டது ஒரே ஒரு நாய். நோய் முற்றிய இன்னொன்றையும் கருணைக்கொலை செய்தார்கள். மீதி 47. அவற்றில் பலவற்றின் பிரச்சினை மூர்க்கமே அல்ல, பயம். ஆளைக் கண்டால் தரையோடு தரையாகத் தோசை மாதிரி ஒட்டிக்கொண்டுவிடும்.

22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் உள்ள பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் சரணாலயத்துக்குப் போயின, மற்றவை வேறு சில மீட்பு அமைப்புகளுக்கு. அவற்றின் பராமரிப்புக்காக விக் ஏறத்தாழ 9,28,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது. அதற்கப்புறம் எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. சரணாலய நாய்களில் பல, வீட்டுக்குப் போகும் முன் நன்னடத்தைத் தேர்வு ஒன்றில் பாஸ் ஆக வேண்டியிருந்தது. இன்னொரு நாயைக் கடந்து அமைதியாக நடப்பதும் அதில் ஒரு பகுதி. ரியாக்டிவ் நாய்க்கு அது ஐ.ஏ.எஸ். பரீட்சை மாதிரி. சில நாய்களுக்கு வருடக்கணக்கில் ஆனது. ஜானி ஜஸ்டிஸ் என்ற நாயோ, வாசிக்கத் தயங்கும் குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கும் நாயானது. லூகாஸ், மெரில் என்ற இரண்டு நாய்கள் ஆயுள் முழுக்கச் சரணாலயத்திலேயே இருக்க வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. அவை அங்கேயே, தங்களைத் தெரிந்த ஆட்களோடு வாழ்ந்து முடித்தன. அதுவும் ஒரு வீடுதான் என்பேன். இந்தக் கூட்டத்தில் கடைசியாக உயிரோடிருந்த ஃப்ரோடோ 2021 டிசம்பரில் 15 வயதில் இறந்தது.

ஆனாலும் வழக்கம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 2009 பிப்ரவரியில் வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியில் சண்டைக்காரர் ஒருவரிடமிருந்து மீட்ட நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களை, குட்டிகள் உட்பட, பரிசோதிக்காமலே கொன்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அதற்குப் பிறகுதான் பெரிய அமைப்புகள் தங்கள் கொள்கையைத் திருத்தி, ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டன.

டக்கர் கதையிலும் விக் நாய்கள் கதையிலும் முதலில் மாறியது கேள்விதான். 'இது நல்ல நாயா, கெட்ட நாயா?' என்று கேட்டவரை கிடைத்த பதில் சாவு. 'இந்த நாய்க்கு என்ன வேணும்? அது யாரிடம் இருக்கு?' என்று கேட்டதும் ஆள் கிடைத்தார்கள். இன்று விவரம் தெரிந்த காப்பகங்கள் செய்வதும் இதைத்தான். 'ரொம்ப பாசமான நாய் சார்' என்று மழுப்பித் தள்ளிவிடுவதில்லை. இன்னொரு நாய் ஆகாது, சின்னக் குழந்தை உள்ள வீடு வேண்டாம், விடியற்காலையில் ஆளில்லாத தெருவில்தான் நடத்த முடியும், வாய்மூடி பழக்கியிருக்கிறோம், தினமும் மூக்குக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள். முதலில் சில வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுக்கிறார்கள். இதைக் கேட்டு நூறு பேர் விலகிப்போவார்கள். போகட்டும். மறைத்துக் கொடுத்தால் அந்த நாய் ஒரு மாதத்தில் திரும்பி வரும், இன்னொரு தோல்வியையும் சுமந்துகொண்டு.

நம் ஊரிலும் இதற்கு நீண்ட கதை உண்டு. கரிசல் காட்டில் முயல் விரட்ட வளர்த்த சிப்பிப்பாறை இன்று மூன்றாவது மாடி ஃபிளாட்டில் சோபாவைக் கிழிக்கிறது, 'அடங்கவே மாட்டேங்குது' என்று கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்த சென்னை மாநகராட்சி, 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பின் நீண்ட வற்புறுத்தலுக்குப் பிறகு 1996இல்தான் கருத்தடை வழிக்கு மாறியது. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், ஆனால் வெறிநோய் கண்டவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் விடக் கூடாது என்றது.

வெறிநோயால் குழந்தைகள் சாகிற நாட்டில் அந்தக் கவலை நியாயமானது. அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஆக்ரோஷம் என்று யார், எங்கே வைத்து, எவ்வளவு நேரம் பார்த்து முடிவு செய்வார்கள்? வலை வீசிப் பிடித்து வேனில் ஏற்றி, அந்நிய நாய்களுக்கு நடுவே அடைத்த பிறகா? அந்த நிலையில் சீறாத நாய் எத்தனை இருக்கும்? வர்ஜீனியாவில் 49 நாய்களைத் தனித்தனியாகப் பார்க்க நிபுணர்கள் வந்தார்கள், நேரம் இருந்தது, பணம் இருந்தது. இங்கே அந்தப் பரிசோதனையைச் செய்ய இப்போதைக்கு இருப்பது பெரும்பாலும் ஒரு வேனும் ஒரு கூண்டும்தான். நாய்களுக்கு வீடு தேடுவதற்கு முன்னால், அவற்றைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த ஆட்களைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது.