ஃபெராரிக்கும் பத்மினிக்கும் என்ன உறவு?

ஃபெராரி என்றதும் சிவப்புக் கலர், கோடிக்கணக்கில் விலை, நம்ம ஆயுசுக்கும் வாங்க முடியாத வண்டி... அப்படித்தானே தோன்றும்? ஆனால் அந்த வம்சாவளியைத் தோண்டினால் நம்ம பிரீமியர் பத்மினி எட்டிப் பார்க்கிறது!

1937-ல் இத்தாலியின் ஃபியட் கம்பெனி, சாதாரணக் குடும்பக் காருக்காக 1089 சிசி, நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கொண்டு வந்தது. 1939-ல் ஆல்ஃபா ரோமியோவை விட்டு வெளியே வந்த என்ஸோ ஃபெராரிக்கு, நாலு வருஷம் தன் பெயரில் பந்தயக் கார் விடக் கூடாது என்று நிபந்தனை. மனுஷன் சும்மா இருப்பாரா? வேறு பெயரில் '815' என்று இரண்டு கார் செய்தார். அந்த ஃபியட்டின் சிலிண்டர் ஹெட் இரண்டை வரிசையாக வைத்து எட்டு சிலிண்டர்! 1940 மில்லே மில்யா பந்தயத்தில் ஓடி, இரண்டுமே பாதியில் நின்றுவிட்டன :-) போருக்குப் பின் வந்த புகழ்பெற்ற சிசிடாலியா 202 ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே ஃபியட் எஞ்சின்தான்.

அதே வம்சத்து 1089 சிசி எஞ்சின் 1950-களில் மும்பை குர்லாவுக்கு வந்தது. பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட் 1100, 1970-களில் பத்மினி ஆனது. மும்பையில் பத்மினி டாக்ஸி விடைபெற்றது 2023 அக்டோபரில்தான்.

சரி, காமர்ஸ் மாணவனாக ஒரு விஷயம். அன்று லைசென்ஸ் ராஜ். அம்பாசடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு... அவ்வளவுதான் சந்தை. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போட்டி இல்லாததால் கம்பெனிக்கு வண்டியை மாற்ற அவசரமில்லை. வாங்கியவருக்கு நஷ்டம்தான். ஆனால் அதிலேயே ஒரு லாபமும் ஒளிந்திருந்தது. ஒரே எஞ்சின் பல பத்தாண்டுகள் ஓடியதால் அதைப் பழுதுபார்க்கும் வித்தை ஊர்ச்சொத்து ஆகிவிட்டது.

மேல் மூடியைக் கழற்றினால் ராக்கர் கண்ணுக்குத் தெரியும். ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஃபீலர் கேஜ் இருந்தால் வீட்டு வாசலிலேயே டேப்பெட் சரிசெய்யலாம். பாயிண்ட் கருகினால் எமரி பேப்பரில் ஒரு தேய்ப்பு. கார்புரேட்டர் அடைத்தால் கழற்றி ஊதினால் போதும். எங்க இருக்கன்குடி வெயில் மாதிரி வெயிலில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால், பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி. ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடும்!

இன்றைய கார் இதைவிடப் பாதுகாப்பானது, புகையும் குறைவு. பழசே நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இன்று எஞ்சினுக்கு மூளை கம்ப்யூட்டர். என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ளவே தனிக் கருவி வேண்டும். அது இல்லாத சாத்தூர் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கை கட்டித்தான் நிற்க வேண்டும். அன்று வண்டி வாங்கத்தான் காத்திருந்தோம், இன்று ரிப்பேருக்குக் கம்பெனியை எதிர்பார்த்து நிற்கிறோம். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் குழு அமைத்தபோது, அதில் மோட்டார் வாகனத்தையும் சேர்த்தது சும்மா இல்லை.

காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு? பத்மினி காலத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. நாம் கேட்டே ஆக வேண்டும் நண்பர்களே.