யார் பொறுப்பில் நோயாளி? காணொளிவழிப் பணி ஒப்படைப்பின் தொடக்கம் பற்றிய மறுவாசிப்பு

தொலைமருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1968இல், பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்தில் கதையைத் தொடங்குகிறார்கள். அங்கிருந்து 2.7 மைல் தொலைவில் இருந்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையுடன் நுண்ணலை வழியாக இருவழித் தொலைக்காட்சி இணைப்பை அமைத்தவர் கென்னத் பேர்ட். ஒரு மருத்துவர் தம் பொறுப்பிலுள்ள நோயாளியைக் காணொளி அழைப்பில் இன்னொரு மருத்துவரிடம் ஒப்படைக்கும் இன்றைய வழக்கத்தையும் அந்த மரத்தின் கிளையாகவே காட்டுவது வழக்கமாகிவிட்டது. இந்த வமிசாவளி பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேர்டின் பணி பெரிது. அதில் எனக்கு ஐயமில்லை. விமான நிலையத்தில் 1963இல் திறக்கப்பட்ட மருத்துவ நிலையத்தில் செவிலியர் இரவு பகலாக இருந்தனர். மருத்துவரோ கூட்டம் மிகுந்த சில மணி நேரம் மட்டுமே இருந்தார். மற்ற நேரங்களில் மருத்துவமனையிலிருந்து ஒருவர் கிளம்பி, துறைமுகத்துக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை நெரிசலைத் தாண்டி வந்து சேர வேண்டும். அந்தப் பயணத்தைத் தொலைக்காட்சியால் ஒழிக்கலாம் என்று பேர்ட் கண்டார். மருத்துவரும் நோயாளியும் நேரில் சந்திக்காமலே நடக்கும் மருத்துவம் என்று அவர் அதை வரையறுத்தார். அவருடன் பணியாற்றிய ரேமண்ட் மர்ஃபி 1974இல் அவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, இவ்வாறு பார்க்கப்பட்ட ஆயிரம் நோயாளிகளின் அனுபவத்தைத் தொகுத்தது. அது இன்றும் கவனமாகப் படிக்க வேண்டிய ஆவணம்.

என் கருத்து வேறுபாடு அந்த வரையறையோடுதான். அதில் இருப்பவர் இருவர்: மருத்துவர், நோயாளி. லோகனில் உண்மையில் இருந்தவர்களோ மூவர். நோயாளியின் பக்கத்தில் நின்று, மின்னணு ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்து, அவர் வந்த நேரத்திலிருந்து உடனிருந்து கவனித்தவர் செவிலியர். பேர்டின் வாசிப்பில் அந்தச் செவிலியர் மருத்துவரின் நீண்ட கையாக மாறிவிடுகிறார். அவர் அறிந்தது என்ன, அதை எப்படிச் சொன்னார், எந்தக் கணத்தில் பொறுப்பு அவரிடமிருந்து திரைக்கு அப்பால் சென்றது என்ற கேள்விகளுக்கு அந்த வரையறையில் இடமில்லை. பாஸ்டன் குழுவினர் அடுத்தடுத்து ஆராய்ந்தவையும் இதையே காட்டுகின்றன: மார்பு எக்ஸ்ரே திரையில் சரியாகத் தெரிகிறதா, தோல் நோயைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்டறிய முடியுமா என்று கேட்டார்கள். எல்லாமே படத்தின் துல்லியம் பற்றிய கேள்விகள்.

பணி ஒப்படைப்பின் கேள்வி வேறு. இரவு முழுக்க வார்டில் இருந்த டூட்டி டாக்டர் காலையில் கிளம்பும்போது அவரோடு போவது சில ஐயங்கள். மூன்றாம் படுக்கையில் இருப்பவரின் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆனாலும் அவரை நினைத்துத்தான் கவலை. ஆறு மணிக்கு அனுப்பிய ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை. மூச்சுத் திணறல் கூடினால் வென்டிலேட்டருக்குக் காத்திருக்க வேண்டாம். இவற்றை எந்தக் கேமராவும் படம் பிடிக்காது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், வாங்கிக்கொள்பவர் திருப்பிக் கேட்காவிட்டால் அது ஒப்படைப்பு ஆகாது.

பேர்டுக்கு முன்பே 1964இல், ஒமாகாவில் இருந்த நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தை 112 மைல் தொலைவிலிருந்த நார்ஃபோக் மாநில மருத்துவமனையுடன் செசில் விட்சன் இருவழித் தொலைக்காட்சியால் இணைத்திருந்தார். அது இரண்டு மருத்துவமனைகளுக்கு இடையிலான இணைப்பு, அங்குள்ள மருத்துவர்களும் ஊழியர்களும் பேசிக்கொண்ட இணைப்பு. வமிசாவளி வேண்டுமென்றால் லோகனைவிட அதற்கே உரிமை அதிகம். ஆனால் அங்கும் நடந்தது கலந்தாய்வும் பயிற்சியும்தான். ஒருவர் பணி முடித்து இன்னொருவர் ஏற்கவில்லை.

ஒப்படைப்பைப் பற்றிய சிந்தனை முற்றிலும் வேறொரு வழியில் வளர்ந்தது. அமெரிக்காவில் 2003 முதல் பயிற்சி மருத்துவர்களின் வேலை வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரையறுக்கப்பட்டதும் ஷிஃப்ட் மாற்றங்கள் பெருகின. ஒரே நோயாளி ஒரே நாளில் பல கைகள் மாறினார். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 2004இல் ஒப்படைப்புக்கென்றே வழிகாட்டியை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் நோயாளி பாதுகாப்புத் தீர்வுகளுள் ஒன்றாக அதைச் சேர்த்தது. 2014இல் வெளியான ஐ-பாஸ் ஆய்வு ஒன்பது மருத்துவமனைகளில் 10,740 அனுமதிகளைப் பார்த்து, ஒழுங்குபடுத்திய ஒப்படைப்புக்குப் பின் மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. அதன் ஐந்து படிகளில் கடைசிப் படி, கேட்டவர் தாம் புரிந்துகொண்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்வது. இந்த வரலாற்றில் கேமராவின் நிழலே விழவில்லை.

இந்த இரண்டு ஓட்டங்களும் எங்கே சேர்ந்தன? ஒரு சாத்தியம் கிளீவ்லாந்து. பெட்டி லூ கிரண்டியும் சக ஆய்வாளர்களும் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சை மருத்துவர்களை 100 படுக்கைகள் கொண்ட சிறிய தனியார் மருத்துவமனையோடு காணொளியில் இணைத்து, 18 மாதங்கள் தொடர்ந்து ஆலோசனை வழங்கினர். முதல் கட்டுரை 1977இல் வந்தது. 1982இல் வந்த இரண்டாவது கட்டுரையின் தலைப்பே வடிவமைப்பிலும் செயல்படுத்தலிலும் மதிப்பிடுவதிலும் எழுந்த சிக்கல்களைப் பற்றியது. மருத்துவரும் மருத்துவரும் ஒரே நோயாளிகளைப் பற்றித் தொடர்ந்து பேசிய இடம் அது. ஆனால் திரையில் தெரிந்தவர் ஆலோசகர். சிகிச்சை உள்ளூர் மருத்துவரிடமே நின்றது.

என்னை நிறுத்தி வைத்தது இன்னொரு ஆவணத்தின் ஒற்றை வரி. வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் (நெப்ராஸ்கா நார்ஃபோக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது) 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தொலைத் தீவிர சிகிச்சை மையத்தைப் பற்றி மைக்கேல் பிரெஸ்லோவும் பிறரும் 2004இல் எழுதினர். இரண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 2,140 நோயாளிகள். மருத்துவமனை இறப்பு 12.9 விழுக்காட்டிலிருந்து 9.4 ஆகக் குறைந்தது. இந்த எண்களைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் சுட்டும் வரி அதற்கு முன்னால், முறையியலில் இருக்கிறது: தொலைவிலிருந்த குழு நாளுக்கு 19 மணி நேரம், நண்பகல் முதல் மறுநாள் காலை 7 மணி வரை பணியில் இருந்தது.

நாளுக்கு 24 மணி நேரம் என்றிருந்தால் அது கண்காணிப்பு, அவ்வளவே. 19 என்றதும் இரண்டு விளிம்புகள் தோன்றுகின்றன. காலை 7 மணிக்குத் தொலைக்குழு விலகுகிறது, படுக்கையருகே இருப்பவர்கள் தனியே நிற்கிறார்கள். நண்பகலில் காலை ரவுண்ட்ஸ் முடிந்து, முடிவுகள் மாறி, புதிய நோயாளிகள் வந்த நிலையில், அந்தக் குழு மீண்டும் நுழைகிறது. இரவு நடந்ததைக் காலை 7 மணிக்கும் காலையில் நடந்ததை நண்பகலுக்கும் யாரோ யாரிடமோ சொல்லாமல் இந்த ஏற்பாடு ஒரு நாள்கூட ஓடியிருக்க முடியாது. அந்த ஆய்வு அளந்தது இறப்பையும் படுக்கை நாட்களையும் செலவையும். ஒப்படைப்பு அதன் பொருளே அல்ல. ஆகவே நான் சொல்வது ஊகம்தான். ஆனால் கால அட்டவணையே கட்டாயப்படுத்தும் ஊகம். காணொளி வசதி கொண்ட ஒரு குழு, நாளுக்கு இருமுறை, நேரம் குறித்து, ஒரே நோயாளிகளை வாங்கியும் கொடுத்தும் வந்த அமைப்பு இதற்கு முந்தைய ஆவணங்களில் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

இந்த வாசிப்புக்கு வலுவான ஆதரவு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 2009இல் தாமஸும் பிறரும் ஆறு தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, தொலைக்குழு வந்த பின்னும் மொத்த இறப்பில் மாற்றம் தென்படவில்லை. அதே கட்டுரையில் இன்னொரு கணக்கு உண்டு: உள்ளூர் மருத்துவர்கள் 655 நோயாளிகளுக்கு, அதாவது 31.1 விழுக்காட்டினருக்கு மட்டுமே முழுச் சிகிச்சை அதிகாரத்தைத் தொலைக்குழுவிடம் கொடுத்தனர். மற்றவர்களுக்கு உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் மட்டும் தலையிடலாம். கேமரா இருந்தது, திரை இருந்தது, பொறுப்பு கைமாறவில்லை. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நோய் கடுமையாக இருந்தவர்களிடம் பயன் தெரிந்ததாகவும் அக்கட்டுரை சொல்கிறது. ஆனாலும் படத்தை மட்டும் பார்த்து வரலாறு எழுதுபவரால் இந்த 655ஐ விளக்க முடியாது.

தமிழ்நாட்டின் மாரடைப்புச் சிகிச்சைத் திட்ட ஆய்வும் இங்கே பேச வேண்டியது. நான்கு தொகுதிகளில் 2,420 நோயாளிகள்; ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆனது. சிறிய மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் இணைத்த அத்திட்டத்துக்கு முகம் பார்க்கும் காணொளி ஆதாரமாக இருக்கவில்லை. இசிஜி போனது, பின்னால் நோயாளியும் போனார், யார் எப்போது ஏற்பது என்பது முன்பே வகுக்கப்பட்டிருந்தது.

இந்தியாவில் இந்தக் கேள்வி எழுத்தில் வந்து நின்றது 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டியில். ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் தொலைவழியில் ஆலோசனை கேட்பதற்கு அதில் சில வரிகளே உண்டு. கேட்கும் மருத்துவரே சிகிச்சை தருபவராகத் தொடர்வார், பொறுப்பும் அவருடையதே என்று அவை சொல்கின்றன. ஆலோசனைக்கு இது நியாயமான விதி. ஆனால் ஷிஃப்ட் முடிந்து போகிறவர் ஆலோசனை கேட்பவரா? வீட்டிலிருந்தபடி திரையில் இரவுப் பொறுப்பை ஏற்கும் மூத்த மருத்துவர் ஆலோசகரா, சிகிச்சை தருபவரா? அந்த வரிகள் கிளீவ்லாந்து அமைப்புக்குப் பொருந்துகின்றன, நார்ஃபோக் அமைப்புக்குப் பொருந்தவில்லை. அதே ஆண்டு ஜூலையில் டெல்லி எய்ம்ஸ் தொடங்கிய இ-ஐசியு அமர்வுகளும் வாரம் இருமுறை நடந்த கலந்தாய்வுகளே. பேர்டின் இருவர் படம் இன்னும் விதிகளுக்குள் வாழ்கிறது என்பேன். இது எனக்கு வெறும் ஏட்டு விவகாரமாகத் தோன்றவில்லை. நள்ளிரவில் நிலை சரியும் நோயாளிக்கு யாரை அழைப்பது என்று நிற்கும் இளம் மருத்துவரின் தயக்கம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

ஆகவே தொடக்க ஆண்டு எது? ஒற்றை எண்ணைத் தர நான் தயாரில்லை. மருத்துவர்கள் திரையில் தொடர்ந்து பேசியதை அளவுகோலாகக் கொண்டால் 1970களின் கிளீவ்லாந்து. பொறுப்பு நேரம் குறித்துக் கைமாறியதைக் கொண்டால் 2000க்கு முன்னால் போக முடியாது. நார்ஃபோக்குக்குச் சற்று முன்பு தீவிர சிகிச்சை மருத்துவர்கள் தங்கள் வீடுகளிலிருந்தே 16 வாரங்கள் பத்துப் படுக்கைப் பிரிவொன்றைக் காணொளியில் கவனித்த பிரையன் ரோசன்ஃபெல்டின் சோதனை, 2000இல் அச்சேறியது, இந்த எல்லையைச் சில ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளக்கூடும். ஆனால் அங்கே கவனிப்பு 24 மணி நேரமும் நடந்தது. நான் தேடும் விளிம்புகள் அதன் அட்டவணையில் இல்லை. வீட்டிலிருந்த மருத்துவர்கள் தங்களுக்குள் முறை மாறியபோது பொறுப்பு எப்படிக் கைமாறியது என்பதைக் கொண்டுதான் அதை எந்தப் பக்கம் வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும்.